மூன்று வலது கால்கள்

என் வயதுக்காரர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். ஊரில் முதலாம் வகுப்பும் லண்டனில் மிச்ச வகுப்புகளும் படித்தவர்களுக்கு. எங்கள் வீடுகளுக்கு வந்த நீலக்கரை போட்ட கடித உறைகளை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். கடிதத்தோடு நாலாக மடித்த இன்னொரு தாள் இருக்கும். அதில் ஒரு பிள்ளையின் கால். தரையில் தாளை விரித்து, காலை அதன்மேல் வைத்து, பென்சிலால் சுற்றிவரக் கீறிய கால். கீழே, "தம்பிக்குச் சப்பாத்து. கொஞ்சம் பெரிதாகப் பார்த்து எடுக்கவும்."

அப்படிக் கால் கீறி அனுப்புவது யாருக்கு? தகப்பனுக்கு. தகப்பன் இல்லாவிட்டால் தாய்மாமனுக்கு. பிறத்தியாருக்கு யாரும் தங்கள் பிள்ளையின் காலைக் கீறி அனுப்பியதாக அன்றைக்கு நாங்கள் கேள்விப்பட்டதில்லை. அந்த நினைப்பும் என்னுடைய கொப்பி ஒன்றும் சேர்ந்துதான் எங்கள் வீட்டில் ஒரு கல்யாணத்தைக் குழப்பின.

முதலில் கொப்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒன்பது வயதிலிருந்து நான் திகதி போட்டு எழுதுகிறவள். எழுதியதெல்லாம் பெரிய விஷயங்கள் இல்லை. தபால்காரன் எந்த நாள் எத்தனை கடிதம் போட்டான், அப்பாவின் ஷிப்ட் எப்போது மாறியது, சித்தி எந்த நாள் தலை முழுகினார், இப்படித்தான். சிவப்பு மட்டை போட்ட கொப்பிகள். எல்லாம் இன்னும் என்னிடம் இருக்கின்றன. இங்கே நான் சொல்லுகிற மாதங்கள் ஞாபகத்திலிருந்து சொல்பவை அல்ல, கொப்பியைப் பார்த்துச் சொல்பவை.

டூட்டிங்கில் கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு சின்ன வீடு எங்களுடையது. அப்பா பெற்றோல் நிலையத்தில் வேலை. அம்மாவின் தங்கை, என் சித்தி, 1987 கடைசியில் ஊரிலிருந்து வந்து எங்களோடு இருந்தார். அப்போது அவருக்கு இருபத்தேழு வயது. மேலே படி முடிகிற இடத்தில் ஒரு கட்டில் மட்டும் கொள்ளும் அறை இருந்தது. அதை வாடகைக்கு விடுவோம். 1988 செப்டெம்பரில் அந்த அறைக்கு வந்தவரை நான் மேலறை மாமா என்று கூப்பிட்டேன். அவர் என்னை மருமகள் என்றார்.

அவருக்கு முப்பத்தாறு வயது. கப்பலில் வேலை செய்தவர். அவருடைய அறைக் கதவைத் திறந்தால் கிராம்பு மணக்கும். ஒரு பழைய பிஸ்கட் தகரத்தில் நிறையக் கிராம்பு வைத்திருந்தார். உடுப்பு, தலையணை, வாசிக்கிற பத்திரிகை எல்லாவற்றிலும் அந்த மணம் ஏறியிருந்தது. பல்லுக்குத்து வந்தால் அம்மா என்னை மேலே அனுப்புவார்.

அவர் சொன்ன கதை இதுதான். அவர் வேலை செய்த சின்னச் சரக்குக் கப்பல் இந்தோனேசியாவின் கிழக்குப் பக்கத்தில் ஒரு தீவுக்கு முன்னால் நங்கூரம் போட்டு நின்றபோது, முதலாளி கைகழுவிவிட்டார். எண்ணெய் இல்லை, அரிசி இல்லை, தந்திக்குப் பதில் இல்லை. மற்றவர்கள் ஒவ்வொருவராக மீன்பிடி வள்ளங்களில் ஏறிப் போய்விட்டார்கள். இவர் மலேரியாவில் கிடந்தார். தீவிலிருந்த ஒரேயொரு கிராமத்துப் பள்ளிக்கூட வாத்தியார் இவரைத் தன் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனார். பதினாலு மாதம் அங்கே இருந்தார். தீவின் பெயரை ஒரு தரம் சொன்னார். காதில் விழுந்தபடி இரண்டு விதமாக எழுதி வைத்தேன். இரண்டும் அட்லஸில் இல்லை.

அப்பா இதில் ஒரு சொல்லையும் நம்பவில்லை.

"கப்பலை ஆரும் நடுக்கடலிலை விட்டிட்டுப் போவினமோ? பழுதாப்போன பஸ்ஸே அது, இறங்கி நடக்கிறதுக்கு?" என்று அவர் இல்லாத நேரத்தில் அம்மாவிடம் கேட்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அம்மா சவ்வரிசிப் பாயாசம் வைத்தார். மேலறை மாமா கோப்பையைப் பார்த்துச் சிரித்தார்.

"அண்ணை, அங்கை இதுதான் எங்களுக்குச் சோறு."

"சவ்வரிசியோ?"

"ஓம். அது ஒரு மரம். தறிச்சுப் பிளந்து, உள்ளுக்கை இருக்கிற சோத்தியை இடிச்சு, தண்ணி விட்டுப் பிசைஞ்சு வடிச்சா மா அடியிலை நிக்கும். ஒரு மரம் ஒரு வீட்டுக்கு மாசக் கணக்கிலை காணும்."

"சவ்வரிசி மரவள்ளிக் கிழங்கிலை செய்யிறது, தம்பி. எனக்குத் தெரியாதே?"

"அத்தான், நீங்கள் செய்து பாத்தனீங்களோ?" என்றார் சித்தி. அம்மா இருமினார்.

திங்கட்கிழமை பள்ளிக்கூடம் விட்டு நூலகத்துக்குப் போய்க் கலைக்களஞ்சியத்தில் பார்த்தேன். மரத்திலிருந்து எடுப்பதுதான் முதல் சவ்வரிசி என்று போட்டிருந்தது, படத்தோடு. ஓடிவந்து அப்பாவிடம் சொன்னேன். 

"அப்ப அந்தாளும் உந்தப் புத்தகத்தைத்தான் பாத்திருக்குது" என்றார்.

சந்தேகப்படுகிறவருக்கு எதிர்ச்சாட்சியும் சாட்சிதான். பத்து வயதில் எனக்கு அது விளங்கவில்லை. எனக்கும் அந்தக் குணம் அப்போதே வந்துவிட்டது என்பதும் விளங்கவில்லை.

இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறை அந்த வாத்தியாரிடமிருந்து கடிதம் வரும். ஆங்கில எழுத்து, ஆனால் எங்களுக்குத் தெரியாத மொழி. சனிக்கிழமை காலையில் மேலறை மாமா குசினி மேசையில் இருந்து அதைத் தமிழில் சொல்லுவார். சித்தி வெங்காயம் உரித்துக்கொண்டு கேட்பார். அம்மா கேட்காதது போலக் கேட்பார்.

அந்தக் கிராமத்தில் ஒரு தெருதான். கிராம்புக் காலத்தில் அந்தத் தெரு முழுக்கப் பாயை விரித்துக் காய வைப்பார்கள். மழை ஒரு துளி விழுந்தால் கோயிலில் இருப்பவனும் எழுந்து ஓட வேண்டும். இரண்டு கிழமைக்கு ஒரு வள்ளம் வரும். இறங்குதுறை கிடையாது. கடல் வற்று நேரத்தில் இடுப்பளவு தண்ணீரில் குதித்துத்தான் கரைக்கு வரலாம். பிள்ளைத்தாய்ச்சி, கிராம்பு மூட்டை, சவப்பெட்டி எல்லாவற்றுக்கும் ஒரே வழி.

"துறைக்குத் தூண் நட்டாச்சாம்" என்று ஒரு கடிதத்தில் வந்தது.

"பலகை?" என்றார் சித்தி.

"பலகைக்கு இன்னொரு எலெக்சன் வேணும்."

"எங்கடை ஊர் மாதிரித்தான்."

"இல்லை, உங்கடை ஊரிலை தூணும் நட மாட்டினம்."

சித்தி வெங்காயத்தோடு சிரித்து, கண்ணைக் கசக்கி, மேசையை விட்டு எழும்பிப் போனார். அந்த நாளுக்குப் பக்கத்தில் நான் ஒரு நட்சத்திரம் போட்டிருக்கிறேன்.

கிராம்பு விலை விழுந்துவிட்டது என்று அடுத்த கடிதம். பெடியன்கள் மரத்தைக் கைவிட்டு எங்கேயோ தொலைவில் பலகை ஆலைக்குப் போகிறார்கள். பள்ளிக்கூடத்தில் மூன்று அறை, இரண்டு வாத்திமார், ஆறு வகுப்பு. ஏழாம் வகுப்புக்கு ஒன்றரை நாள் வள்ளத்தில் பெரிய தீவுக்குப் போக வேண்டும். அனுப்புவதற்குத் தாய்தகப்பனைச் சம்மதிக்கப் பண்ணவே வாத்தியாருக்குப் பாதி வருடம் போகும்.

"அதுக்குப் பிறகும் பாருங்கோ அக்கா," என்று அவர் அம்மாவைப் பார்த்துச் சொன்னது என் கொப்பியில் 1988 நவம்பர் பக்கத்தில் அப்படியே இருக்கிறது. "அங்கை சப்பாத்து இல்லாத பிள்ளையை வாசலிலையே மறிச்சுத் திருப்பி விடுவினம். தீவிலை ஆரிட்டைச் சப்பாத்து? வாத்தியாரிட்டை ஒரு சோடி. அதுவும் கொடியேத்த மட்டும்தான் போடுவார்."

இதை நானே எழுதினேன். எழுதிவிட்டுப் பக்கத்தைத் திருப்பிவிட்டேன்.

1989 தொடக்கத்தில் சித்திக்கும் மேலறை மாமாவுக்கும் அம்மாதான் கல்யாணப் பேச்சை எடுத்தார். அப்பா ஊருக்கு எழுதி விசாரித்தார். நல்ல குடும்பம், பெடியன் இருபது வயதிலேயே கப்பலுக்குப் போனவன், அதற்குப் பிறகு தெரியாது என்று பதில் வந்தது. அம்மா முதல் பாதியைத் திரும்பத் திரும்ப வாசித்தார். அப்பா கடைசிச் சொற்களை. கடைசியில், அடுத்த தை மாதம் கல்யாண எழுத்து வைப்பது என்று அவரும் ஒத்துக்கொண்டார். அன்று பின்னேரம் அம்மா என்னைக் கூப்பிட்டு, "இனி மாமா எண்டு கூப்பிடாதை. சித்தப்பா எண்டு சொல்லிப் பழகு" என்றார். நான் குளியலறையில் கதவைப் பூட்டிக்கொண்டு சொல்லிப் பழகினேன்.

இனி கால்கள்.

முதலாவது, கல்யாணப் பேச்சுக்கு முன்னரே, 1988 ஒக்டோபரில் வந்தது. "மருமகள், சப்பாத்துக் கடைக்கு ஒருக்கா வாறீரோ?" என்று கேட்டார். மடித்த தாள் ஒன்றைக் கையில் வைத்திருந்தார். கடையில் கால் அளக்கிற இரும்புத் தட்டு இருந்தது. விரலுக்கு மேலே ஒரு பட்டியை இழுத்து இறுக்குவார்கள். விற்கிற பெண் தாளைத் தட்டில் வைத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். என் காலைத் தாளின்மேல் வைக்கச் சொன்னாள். என் கால் கோட்டுக்கு வெளியே ஒரு சைஸ் நின்றது. நான் மூன்று. அந்தக் கால் இரண்டு. கறுப்புத் தோல், நாடா கட்டுகிறது, பள்ளிக்கூடச் சப்பாத்து. பழுப்புத் தாளில் சுற்றி, நூல் கட்டி, கப்பல் தபாலில் அனுப்பினார்.

1989 மார்ச்சில் இரண்டாவது கால். சைஸ் நான்கு. ஓகஸ்டில் மூன்றாவது. சைஸ் ஐந்து.

ஒவ்வொரு முறையும் தாளை வாங்கி, புவியியல் பாடத்துக்குத் தந்த ட்ரேசிங் தாளை மேலே வைத்துப் படம் எடுத்தேன். "உமக்கு என்னத்துக்கு?" என்று கேட்டார். "கொப்பிக்கு" என்றேன். சிரித்துக்கொண்டு தந்தார். காலுக்குக் கீழே இரண்டொரு சொல் எழுதியிருந்தது. விளங்காத மொழி என்று அதை விட்டுவிட்டேன். யாருடைய கால் என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். கொப்பியில் ஒரு பக்கம் ஒதுக்கி, கோடு போட்டு, மாதமும் சைஸும் எழுதி, மேலே நல்ல எழுத்தில் தலைப்பிட்டேன்: அந்தப் பிள்ளை வளர்கிறது.

ஓகஸ்டில் ஒரு சனிக்கிழமை காலை சித்தி அந்தப் பக்கத்தைப் பார்த்தார். கட்டிலில் திறந்தபடி கிடந்தது. விளக்கம் கேட்டார். நான் பெருமையோடு சொன்னேன். சித்தி மெதுவாகக் கட்டிலில் இருந்தார்.

"ஆற்றை பிள்ளை?"

"அவற்றை பிள்ளையாத்தான் இருக்கும். கால் கீறி வருகுதே."

 சித்தி என் இரண்டு கையையும் பிடித்தார். "இதை அப்பாவுக்குக் காட்டாதை. நானே அவரிட்டைக் கேக்கிறன். இண்டைக்கு அவருக்கு வேலை. நாளைக்குக் கேக்கிறன். ஒரு நாள் பொறு, என்ரை குஞ்செல்லோ."

ஓம் என்றேன்.

மத்தியானம் அப்பா வேலையால் வந்தார். வாசல் மேசையில் மூன்றாவது பார்சல் இருந்தது, தபாலுக்கு ஆயத்தமாக, பழுப்புத் தாளில் விலாசம் எழுதி.

"இதென்ன பார்சல்?"

"சப்பாத்தாம்," என்றார் அம்மா.

"ஆருக்கு?"

அம்மாவுக்குத் தெரியவில்லை. அப்பா கேட்ட கேள்விக்கு அந்த வீட்டில் பதில் வைத்திருந்தவள் நான் ஒருத்திதான். படியில் நின்றபடி சொன்னேன். "என்ரை கொப்பியிலை இருக்கு."

ஆறு மணிக்கு மேலறை மாமா வந்தபோது வெயில் இன்னும் இருந்தது. அப்பா தொலைக்காட்சியை நிற்பாட்டினார். கொப்பி மேசையில் இருந்தது.

"தம்பி, இரும். உமக்கு அங்கை குடும்பம் இருக்கோ?"

"இல்லை அண்ணை. என்ன இது கேள்வி?"

"அப்ப இது ஆற்றை கால்?"

"வாத்தியாற்றை பள்ளிக்கூடத்துப் பிள்ளையளின்ரை. பெரிய பள்ளிக்கூடத்துக்குப் போறதுகள். ஒவ்வொரு வீடாச் சம்மதிக்க, அவர் ஒவ்வொரு காலா அனுப்புறார். ஒவ்வொரு முறையும் வேறை பிள்ளை."

அப்பா சிரித்தார். "வேறை வேறை பிள்ளையள், வரிசையாய் வளருதுகளாக்கும்! இஞ்சை பாரும். ரெண்டு, நாலு, அஞ்சு. என்ரை மகள் மாதம் போட்டு எழுதி வைச்சிருக்கிறாள்."

"இஞ்சருங்கோ," என்றார் அம்மா. "பதினாலு மாசம் இருந்தவருக்கு எப்பிடி அவ்வளவு பெரிய பிள்ளை இருக்கும்?"

"பதினாலு மாசம் எண்டது இவர் சொன்ன கணக்கு. பதினாறு வருஷம் கப்பலிலை. எத்தினை தரம் போய் வந்தாரோ, ஆருக்குத் தெரியும்?"

மேலறை மாமா கொப்பியைத் தன் பக்கம் திருப்பினார். தலைப்பை வாசித்தார். பிறகு என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் எனக்கு இன்றைக்குச் சுகமாக இருக்கும்.

"மருமகள் வடிவா எழுதியிருக்கிறா," என்றார்.

குசினி வாசலில் சித்தி நின்றார். "அத்தான், நான் அவரிட்டை ஒண்டு கேக்கோணும்."

"நீ உள்ளுக்குப் போ."

சித்தி போகவில்லை. அம்மா கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனார்.

திங்கட்கிழமை அவர் போனார். அறைக் கதவின் திறப்பைக் குளிர்பெட்டிக்கு மேலே வைத்துவிட்டு, ஒரு பெட்டியோடு. நான் அவரைச் சித்தப்பா என்று ஒரு தரமும் கூப்பிடவில்லை. அப்பா அவரை அந்தாள் என்றே பிறகும் சொன்னார், பெயர் வந்த இடத்திலெல்லாம். கிழக்கு லண்டனில் பார்க்கிங் என்ற இடத்தில் இருக்கிறார் என்று ஒருவர் சொன்னார், கனடாவுக்குப் போய்விட்டார் என்று இன்னொருவர். நான் இரண்டையும் எழுதி, பக்கத்தில் கேள்விக்குறி போட்டிருக்கிறேன்.

பார்சல் வாசல் மேசையிலேயே கிடந்தது. மறந்தாரா, நாங்கள் தபாலில் போடுவோம் என்று நம்பி விட்டுப் போனாரா, எனக்குத் தெரியாது. திரும்பி வந்து எடுப்பார் என்று அம்மா மூன்று கிழமை பார்த்தார். செப்டெம்பரில் எனக்குப் பெரிய பள்ளிக்கூடம் தொடங்கியது. சப்பாத்து வேண்டும். என் கால் அப்போது நான்கு.

"வீணாய் ஏன் கிடக்குது? முன்னுக்குப் பேப்பர் வைச்சுப் போடு," என்று அம்மா நூலை அறுத்தார்.

முதல் நாள் பள்ளிக்கூட வாசலில் என்னை யாரும் மறிக்கவில்லை. அந்த ஆண்டு முழுவதும் நான் அந்தச் சப்பாத்தோடுதான் போனேன். கோடைக்குள் கால் சரியாகப் பொருந்திவிட்டது.

சுற்றியிருந்த பழுப்புத் தாளால் அம்மா என் புவியியல் புத்தகத்துக்கு உறை போட்டார். விலாசம் உள்பக்கமாக. ஆண்டு முடிவில் புத்தகத்தைப் பள்ளிக்கூடத்தில் திருப்பிக் கொடுத்தேன். தபால்காரன் வரும் நேரத்தைக்கூட எழுதி வைத்தவள் அந்த விலாசத்தை எழுதி வைக்கவில்லை.

போன மாதம் ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்தேன். கண்டுபிடித்தேன் என்பது பெரிய சொல். முப்பத்தைந்து ஆண்டுக்கு மேலாக என் அலமாரியில் கிடந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். என் மகளுக்கு வாங்கிய சப்பாத்துகளையும் நான் திகதி போட்டு எழுதியிருக்கிறேன், குணம் அப்படி. பழைய கொப்பிகளை அடுக்கும்போது அந்தப் பக்கம் கண்ணில் பட்டது. இரண்டிலிருந்து ஐந்துக்கு வர அவளுக்கு மூன்று ஆண்டும் சொச்சமும் எடுத்திருக்கிறது. சிவப்புக் கொப்பியை எடுத்தேன். ஒக்டோபரில் இரண்டு. அடுத்த ஓகஸ்டில் ஐந்து. பத்து மாதம்.

எந்தப் பிள்ளையின் காலும் அப்படி வளராது.

மூன்று ட்ரேசிங் தாளும் அந்தப் பக்கத்திலேயே இருந்தன, மஞ்சளாகி. குசினி ஜன்னலில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பிடித்தேன். மூன்றும் வலது கால். முதலாவதில் பெருவிரலைவிட அடுத்த விரல் நீளம். இரண்டாவதில் பெருவிரல் மற்ற விரல்களை விட்டு விலகி நின்றது. மூன்றாவது ஒடுங்கிய கால், சின்ன விரல் உள்ளே மடிந்திருந்தது. கால் வளரும். விரல்கள் இடம் மாறாது.

என் சந்தேகக் குணம் அப்போதும் விடவில்லை. பென்சில் சரிந்திருக்கலாம், பிள்ளை காலை அசைத்திருக்கலாம் என்று மூன்று நாள் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தேன். கணினியில் வானத்திலிருந்து எடுத்த படங்களில் அந்தக் கடல் முழுக்கத் தேடினேன். ஒரு சின்னத் தீவின் கரையிலிருந்து மெல்லிய கோடு ஒன்று கடலுக்குள் நீட்டிக்கொண்டிருந்தது. இறங்குதுறையாக இருக்கலாம். அதே தீவு என்று சத்தியம் பண்ண மாட்டேன். மூன்றாவது கால்காரப் பிள்ளை அந்தத் துறையில் ஏறிப் பள்ளிக்கூடத்துக்குப் போனதா, கிராம்புப் பாய்க்குத் திரும்பியதா என்பதை எந்தப் படத்திலும் பார்க்க முடியாது.

சித்திக்குச் சொல்ல வேண்டும் என்று முதல் நாளே தெரியும். சொல்லவில்லை. அப்பா செத்து ஆண்டுகள் ஆகின்றன. சித்தி 1991இல் ஹவுன்ஸ்லோவில் விமான நிலைய வேலைக்காரர் ஒருவரைக் கட்டினார். நல்ல மனிதர். இரண்டு பெடியன்கள். இனிச் சொல்லி என்ன என்று ஒரு நாள், சொல்லாமல் விட நான் யார் என்று மறு நாள். இப்படியே நாட்கள் போயின.

போன வியாழக்கிழமை கொப்பியோடு போனேன். சித்தப்பா ஷிப்டில். சித்தி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மூன்று தாளையும் வாங்கினார். நான் சொன்னதைக் கடைசி வரை கேட்டார். எழுந்து முன் ஜன்னலுக்குப் போய், நான் வைத்தது போலவே ஒன்றன்மேல் ஒன்றாக வெளிச்சத்தில் பிடித்தார். விரல்களை ஒவ்வொன்றாக எண்ணுவது போல வாய் அசைந்தது.

"வேறை வேறை பிள்ளையள்தான்," என்றார்.

"ஓம் சித்தி."

"நீ இதை எப்ப பாத்தனி?"

நான் திகதியைச் சொன்னேன். எனக்கு அது தெரியாமல் இருக்காதே.

சித்தி தாள்களை விளிம்பு பார்த்து ஒழுங்காக அடுக்கி, பழைய மடிப்பிலேயே மடித்து, கொப்பிக்குள் வைத்து என்னிடம் நீட்டினார்.

"அப்ப ஒரு மாசம் எனக்குச் சொல்லாமல் வைச்சிருந்திருக்கிறாய்," என்றார். "அண்டைக்கு நான் உன்னட்டை ஒரு நாள்தான் கேட்டனான்."